பயிரின் அமைப்பும் பூமியின் குணமும்

பரம்பரையாய் உழுது பயிரிடும் சங்க அங்கத்தினர்களுக்குப் பயிரைப் பற்றி ஒரு கூட்டுறவு இன்ஸ்பெக்டர் சொல்ல வேண்டியது என்ன இருக்கிறதென்று சிலர் நினைக்கலாம். அது நியாயமான கேள்வியே. நான் விவசாயக் கல்லூரியில் படித்தவனல்லன். என் படிப்பு பள்ளி இறுதி வகுப்போடு நின்றுவிட்டது. கணக்குப் புத்தகங்களைச் சரிபார்ப்பதும், கடன் மனுக்களைப் பரிசீலிப்பதும், தவணை தவறிய பாக்கிகளை விசாரிப்பதுமே என் வேலை. ஆனால் பாக்கிகளை விசாரிக்கப் போன இடங்களில், கணக்குப் புத்தகத்தில் அகப்படாத ஒரு காரணம் எனக்குப் பல முறை அகப்பட்டது. பயிரின் உடல் ஒரு விதமாகவும், அது நின்ற பூமி வேறு விதமாகவும் இருந்ததே அக்காரணம். ஆதலால் செடிகளின் அமைப்பைப் பற்றி விவசாய அதிகாரிகளிடம் கேட்டும், புத்தகங்களில் படித்தும் நான் அறிந்தவற்றை இங்கே எளிய முறையில் எழுதுகிறேன்.

ஒரே மழை, இரண்டு பயிர்

சில ஆண்டுகளுக்கு முன், வெள்ளானூரை அடுத்த ஒரு கிராமத்தில், சங்க அங்கத்தினரான பெரியவர் ஒருவர் ஒன்றேகால் ஏக்கர் பூமியில் வேர்க்கடலை பயிரிடக் கடன் வாங்கினார். சிட்டாவும் அடங்கலும் சரியாயிருந்தன. நானும் மனுவைப் பார்த்தேன். ஆட்சேபணை ஒன்றும் சொல்லவில்லை. பூமியை மட்டும் போய்ப் பார்க்கவில்லை. ஆவணியில் விதைத்த கடலை நன்றாய் முளைத்துப் பூத்தது. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக் கொண்டது. நான்கு நாட்கள் பூமியில் கணுக்கால் அளவு ஜலம் நின்றது. மழை விட்ட ஒரு வாரத்திற்குள் செடிகள் மஞ்சளித்து வாடின. பிடுங்கிப் பார்த்தால் வேரும் பிஞ்சும் அழுகியிருந்தன. வரப்புக்கு அப்பால் அடுத்தவருடைய சம்பா நெல்லோ, அதே ஜலத்தில் பச்சைப்பசேலென்று நின்றது.

தவணை தவறிய பின் நான் விசாரிக்கச் சென்றேன். பெரியவர் என்னை வரப்பின்மேல் நிறுத்தி இரு பக்கமும் காட்டினார். "இன்ஸ்பெக்டர் ஐயா, ஒரே மழை, ஒரே தண்ணீர். அந்தப் பயிர் குடித்துப் பிழைத்தது. என் பயிர் குடித்துச் செத்தது. இது என்ன நியாயம்?" என்று கேட்டார். "என் தகப்பனார் நாளிலிருந்து இந்தத் துண்டில் கடலைதான் போடுகிறோம். ஒரு நாளும் இப்படி ஆனதில்லை" என்றும் சொன்னார். அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் தம் மனைவியின் சங்கிலியைச் சங்கத்தில் நகைக் கடனுக்கு வைத்து அந்தத் தவணையைக் கட்டினார். அவருடைய இரண்டு வார்த்தைகளுக்கும் பதில் தேடியதே இக்கட்டுரைக்குக் காரணம்.

கரையேறிய தாவரம்

ஆதியில் தாவரங்கள் யாவும் நீரிலேயே இருந்தன. ஏறக்குறைய 47 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் அவற்றில் ஒரு வகை நிலத்தின்மேல் வாழத் தலைப்பட்டதாகச் சாஸ்திரிகள் கணக்கிட்டிருக்கிறார்கள். நீருக்குள் இருக்கும் பாசிக்குக் குடிக்க ஜலமும், சுவாசிக்கக் காற்றும், தாங்கி நிற்க ஆதரவும் சுற்றிலும் கிடைக்கின்றன. கரையேறிய தாவரத்திற்கோ ஜலம் காலடியில், வெளிச்சம் தலைக்குமேல் என்று ஆகிவிட்டது. கீழேயுள்ளதை மேலே கொண்டு போகவும், மேலே சமைத்ததைக் கீழே அனுப்பவும், வெயிலில் உலர்ந்து போகாமல் காத்துக் கொள்ளவும் அது புதிய உறுப்புக்களைப் பெற வேண்டியதாயிற்று. வேர், தண்டு, இலை என்னும் மூன்றும் இவ்வாறு வந்தவையே.

இதன் அடையாளத்தை நம் ஊர்க் கிணற்றிலேயே காணலாம். ஈரமான செங்கற்களின்மேல் வெல்வெட்டுப் போலப் படர்ந்திருக்கும் பாசிச் செடிக்கு உண்மையான வேரும் இல்லை. ஜலத்தை மேலே ஏற்றும் குழாயும் இல்லை. ஆகையால் அது ஒரு விரற்கடைக்குமேல் உயர்வதில்லை. அதே சுவரின் வெடிப்பில் வளரும் பெரணிக்குக் குழாய்கள் உண்டு. அது ஒரு சாண் உயர்கிறது. ஆனால் அதன் இனம் பெருகுவதற்கு ஈரம் இன்னும் வேண்டும். கிணற்றுக்கு வெளியே வெயிலில் நிற்கும் வேம்புக்கோ குழாயும் உண்டு, விதையும் உண்டு. அது வறண்ட தரையிலும் மரமாகிறது.

வேர் சுவாசிக்கிறது

வேர் செடியை நிறுத்துகிறது, ஜலத்தையும் சத்தையும் உறிஞ்சுகிறது என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் வேர் முழுவதும் உறிஞ்சுவதில்லை. நுனிக்குச் சற்றுப் பின்னால், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் மெல்லிய வேர்த்தூவிகளே பெரும்பாலும் அவ்வேலையைச் செய்கின்றன. நாற்றைப் பிடுங்கும்போது இத்தூவிகள் அறுந்து போகின்றன. பறித்து நட்ட செடி சில நாள் வாடுவதற்குக் காரணம் இதுவே. ஆகையால்தான் கத்தரி, மிளகாய் நாற்றுக்களை மாலையில் நடுவதும், மரக்கன்றை மண் கட்டியோடு எடுத்து வைப்பதும் நல்லதாகின்றன. வளர்ந்த மாமரத்திற்கு ஜலம் விடுவோர் அடிமரத்தைச் சுற்றி விடுவதைக் காட்டிலும், கிளைகளின் ஓரத்திற்கு நேர் கீழே வட்டப் பாத்தி கட்டி விடுவது மேல். குடிக்கும் வேர்கள் அங்கேதான் மிகுதியாயிருக்கின்றன.

பலர் அறியாதது மற்றொன்று. வேரும் நம்மைப் போலச் சுவாசிக்கிறது. இலை தயாரித்த ஆகாரத்தைப் பிராண வாயுவைக் கொண்டு எரித்துத்தான் வேர் தன் வேலையைச் செய்கிறது. பொலபொலப்பான மண்ணில் மண் துகள்களுக்கிடையே காற்று நிற்கிறது. வேர் அதைச் சுவாசிக்கிறது. அந்த இடைவெளிகளில் ஜலம் நிறைந்துவிட்டால் காற்று வெளியேறிவிடுகிறது. காற்றுக்குள் பரவுவதைக் காட்டிலும் ஜலத்திற்குள் பிராண வாயு ஏறக்குறைய பதினாயிரம் மடங்கு மெதுவாகவே பரவும். ஓரிரண்டு நாட்களுக்குள் மண்ணிலுள்ள பிராண வாயு தீர்ந்து போகிறது. அப்பொழுது வேர் மூச்சுத் திணறுகிறது, உறிஞ்சும் சக்தியை இழக்கிறது, பின்பு அழுகுகிறது. ஜலத்தில் நின்று கொண்டே செடி வாடுவது இதனாலேயே.

அப்படியானால் நெல் எவ்வாறு பிழைக்கிறது? நெல்லின் இலையிலிருந்து தண்டு வழியாக வேர் நுனி வரையில் காற்றுப் பாதைகள் ஓடுகின்றன. முற்றிய நெல் வேரைக் குறுக்கே அறுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், உள்ளே வெற்றறைகள் தெரியும். மேலே இலை பெறும் காற்று இவ்வழியாய்ச் சேற்றுக்குள் இருக்கும் வேருக்குப் போய்ச் சேருகிறது. அதில் சிறிது வேரினின்றும் வெளியே கசிந்து மண்ணிலுள்ள இரும்புச் சத்தைத் துருவாக்குகிறது. நல்ல நெல் வேர் செம்பழுப்பாய் இருப்பது இதனாலேயே. வேர் கறுத்து, அழுகிய முட்டை போல நாற்றம் வீசினால், அந்த வயலில் காற்றோட்டம் குறைந்துவிட்டதென்று அறிந்து, ஜலத்தை வடித்துச் சில நாள் காயவிட வேண்டும்.

பெரியவரின் முதற் கேள்விக்கு இதுவே விடை. அவருடைய கடலை குடித்துச் சாகவில்லை; மூச்சு முட்டிச் செத்தது. நெல்லுக்குச் சேற்றில் மூச்சு விடும் குழாய் உண்டு, கடலைக்கு இல்லை.

நெல்லுக்கும் இதில் எல்லை உண்டு. பயிர் தலை தெரியாமல் மூழ்கிவிட்டால், சாதாரண நெல் வெளிச்சத்தை எட்டிப் பிடிக்க நீண்டு வளர்ந்து, சேமித்த ஆகாரத்தைச் செலவழித்து, ஜலம் வடிந்ததும் சாய்ந்து போகிறது. ஒடிசாவைச் சேர்ந்த எஃப்.ஆர். 13ஏ என்ற பழைய நெல் வகையோ, மூழ்கியவுடன் வளர்ச்சியை நிறுத்தி ஆகாரத்தை மிச்சப்படுத்தி வைத்து, ஜலம் வடிந்தபின் மறுபடி துளிர்க்கிறது. இக்குணத்திற்குக் காரணமான மரபுக் கூற்றைச் சாஸ்திரிகள் 2006-இல் கண்டறிந்து வெளியிட்டார்கள். அக்குணத்தைச் சேர்த்து உண்டாக்கிய ஸ்வர்ணா சப் 1 என்னும் நெல் 2009-இல் நம் நாட்டில் வெளியிடப்பட்டது. தமிழ்நாட்டுக்கு ஏற்ற நீண்ட கால ரகமாகிய சி.ஆர். 1009-லும் இவ்வாறே சப் 1 ரகம் உண்டு. இவை ஏறக்குறைய இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தும் பிழைக்கக் கூடியவை.

வேரும் ஒரு கூட்டுறவுச் சங்கமே

உளுந்து, பச்சைப் பயறு, கடலை, சணப்பு முதலிய செடிகளைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் சிறு முடிச்சுக்கள் காணப்படும். நோய் என்று அஞ்ச வேண்டியதில்லை. அம்முடிச்சுக்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. செடி அவற்றிற்குச் சர்க்கரையை அளிக்கிறது. அவை காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குத் தழைச்சத்தாய் அளிக்கின்றன. ஒருவர் கையில் மிஞ்சியதை மற்றவர் குறைக்கு உதவும் நம் சங்கத்தின் தத்துவம் இங்கே மண்ணுக்குள் நடக்கிறது. 1888-இல் ஹாலந்து தேசத்துப் பையரிங்க் என்பவர் இந்நுண்ணுயிரைத் தனியே பிரித்தெடுத்தார். முடிச்சைக் கிள்ளிப் பார்த்து உள்ளே இளஞ்சிவப்பாயிருந்தால் அது வேலை செய்கிறதென்று அறியலாம். வெளுத்தோ பச்சையாயோ இருந்தால் வேலை நடக்கவில்லை.

இம்முடிச்சுக்களுக்கும் காற்று வேண்டும். எனவே பசுந்தாள் உரச் செடிகளிலும் இடமறிந்து தேர்ந்தெடுக்க வேண்டும். கொழிஞ்சி வறட்சியைத் தாங்கும். தக்கைப்பூண்டு ஈரத்தையும் உவர் மண்ணையும் தாங்கும். மணிலா அகத்தி என்னும் செடிக்கு வேரில் மட்டுமன்றித் தண்டிலும் முடிச்சுக்கள் உண்டாகின்றன. வேர் ஜலத்தில் மூழ்கியிருக்கையிலும் தண்டிலுள்ள முடிச்சுக்கள் காற்றைப் பெற்று வேலை செய்கின்றன.

தண்டின் இரு வழிகள்

தண்டுக்குள் இரண்டு வழிகள் உண்டு. உட்புறத்துக் கட்டை வழியாக ஜலம் மேலே ஏறுகிறது. பட்டையின் உட்புற வழியாக, இலையில் சமைத்த ஆகாரம் வேருக்கு இறங்குகிறது. ஆடு ஒரு மரக்கன்றின் பட்டையைச் சுற்றிலும் கடித்துவிட்டால், இலைகள் உடனே வாடுவதில்லை. உள்வழியாய் ஜலம் ஏறிக் கொண்டிருக்கிறது. ஆயினும் வேருக்கு ஆகாரம் போகாமையால் அது பட்டினி கிடந்து, நாளடைவில் மரம் முழுவதும் பட்டுப் போகிறது. கன்றுக்குக் காவலாய்க் கட்டிய கம்பி, மரம் பருத்தபின் பட்டையை இறுக்கினாலும் இதே கதிதான். கன்று நட்டவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது கட்டைத் தளர்த்திவிட வேண்டும்.

செடி வளரும் இடம் எது என்பதையும் அறிந்திருத்தல் நலம். வேம்பு, மல்லிகை, அவரை போன்றவற்றில் நுனிமொட்டு வளருவதோடு, பக்கத்து மொட்டுக்களை அடக்கியும் வைக்கிறது. நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வெடிப்பது இதனாலேயே. மல்லிகைக்குக் கவாத்து செய்வதன் இரகசியமும் இதுதான். நெல்லுக்கும் புல்லுக்கும் இளமையில் வளரும் முனை தரையை ஒட்டி அடியில் இருக்கிறது. ஆகையால் இளம் பயிரை மாடு மேய்ந்தாலும் அது மறுபடி தழைக்கும். கதிர் உருவாகத் தொடங்கியபின் அம்முனை தண்டுக்குள் மேலே ஏறிவிடுகிறது. அப்பொழுது மேய்ந்தால் மகசூல் போயிற்று.

பனையின் வளரும் முனையோ உச்சியில் ஒன்றே ஒன்றுதான். குருத்து அழிந்தால் மரம் அழிந்தது. பனையின் தண்டு வேம்பைப் போல ஆண்டுதோறும் பருத்துக் கொண்டே போவதுமில்லை. வெட்டிய காயம் மூடிக் கொள்வதுமில்லை. ஆனால் அதன் நார் நிறைந்த தண்டு வளைந்து கொடுக்கும். அடியிலிருந்து எண்ணற்ற சல்லி வேர்கள் நாற்புறமும் மண்ணைப் பற்றியிருக்கும். 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் சென்னைக்கு அருகே கரையைக் கடந்தபோது, சென்னையிலும் நம் திருவள்ளூர் மாவட்டத்திலும் ஆயிரக்கணக்கான மரங்கள் வேரோடு சாய்ந்தன. சாலை ஓரங்களில் வைத்த தூங்குமூஞ்சி, மயிற்கொன்றை போன்ற அயல்நாட்டு மரங்கள் அவற்றுள் பல. அகன்ற தலையும் ஆழமில்லாத வேரும் உடைய மரத்தைச் சுற்றிலும் சிமெண்டு போட்டு மூடிவிட்டால், அது காற்றுக்கு எவ்வாறு ஈடு கொடுக்கும்? பையில் நெடுநாள் வைத்து வேர் சுருண்டுபோன கன்றை அப்படியே நட்டாலும், அது பிற்காலத்தில் எளிதில் சாயும். கன்று வாங்குவோர் தழையை மட்டும் பாராமல், பையைக் கிழித்து வேரையும் பார்க்க வேண்டும்.

இலை என்னும் அடுப்பு

செடியின் உடம்பு எதனால் ஆனது? மண்ணால் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். இன்றைய பெல்ஜியத்தைச் சேர்ந்த வான் ஹெல்மான்ட் என்பவர் இதைச் சோதித்துப் பார்த்தார். 200 ராத்தல் உலர்ந்த மண்ணைத் தொட்டியிலிட்டு, 5 ராத்தல் எடையுள்ள ஒரு மரக்கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் ஜலம் மட்டும் விட்டு வந்தார். முடிவில் மரம் ஏறக்குறைய 169 ராத்தல் இருந்தது. மண்ணில் குறைந்ததோ 2 அவுன்சு போலத்தான். அவர் காலஞ்சென்றபின் 1648-இல் இச்சோதனை அச்சாயிற்று. மரம் முழுவதும் ஜலத்தால் ஆனது என்று அவர் முடிவு செய்தார். அது பாதி உண்மை. மற்றப் பாதி காற்று என்பது பின்னர் விளங்கிற்று. இலை காற்றிலுள்ள கரியமில வாயுவையும் வேர் தந்த ஜலத்தையும் எடுத்து, சூரிய வெளிச்சத்தால் சர்க்கரை சமைக்கிறது. உலர்ந்த செடியின் எடையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு போலக் காற்றிலிருந்தும் ஜலத்திலிருந்தும் வந்ததே. மண்ணின் உப்புச் சத்துக்கள் சொற்பமே. ஆயினும் உணவில் உப்பைப் போல, அச்சொற்பம் இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

கரியமில வாயு உள்ளே நுழைவதற்கு இலையில் நுண்ணிய துளைகள் உண்டு. அத்துளைகள் திறந்திருக்கும்போதே உள்ளேயுள்ள ஜலமும் ஆவியாய் வெளியேறுகிறது. வேர் உறிஞ்சும் ஜலத்தில் பெரும்பகுதி இவ்வாறு காற்றில் போய்விடுகிறது. ஆனால் அது முற்றிலும் நஷ்டமன்று. இலையினின்றும் போகும் ஆவியே கீழேயுள்ள ஜலத்தை மேலே இழுக்கிறது; இலையின் சூட்டையும் தணிக்கிறது. ஜலம் குறைந்தால் செடி துளைகளை மூடிக் கொள்கிறது. அப்பொழுது உயிர் மிஞ்சும், வளர்ச்சி நின்றுவிடும். நெல் இலை நடுப்பகலில் குழல் போலச் சுருண்டால், அது ஜலத்தைச் சிக்கனம் செய்கிறதென்று பொருள். மாலையில் விரிந்துவிட்டால் அவ்வளவு பயமில்லை. விடியற்காலையிலும் சுருண்டே இருந்தால் உடனே ஜலம் பாய்ச்ச வேண்டும்.

இடத்திற்கேற்ற உடல்

மிருகங்கள் ஜலமில்லாவிட்டால் வேறிடம் போகும். வெயில் சுட்டால் நிழலுக்கு ஒதுங்கும். செடி நின்ற இடத்தை விட்டு நகர முடியாது. ஆகையால் அதன் உடம்பே அந்தந்த இடத்திற்குத் தக்கவாறு அமைந்துவிடுகிறது.

அகன்ற இலையுடைய பெரும்பாலான மரங்களுக்கு இலைத்துளைகள் வெயில் படாத கீழ்ப்புறத்தில் இருக்கின்றன. ஏரியில் மிதக்கும் அல்லி இலைக்குக் கீழ்ப்புறம் ஜலமாகையால் துளைகள் மேற்புறத்தில் இருக்கின்றன. ஜலம் ஒட்டாத மெழுகுப் பூச்சு, தாமரை இலையின் மேற்புறத்துத் துளைகள் அடைபடாமல் காக்கிறது.

வேலி ஓரத்துச் சப்பாத்திக் கள்ளிக்கு அகன்ற இலையே இல்லை. தண்டே பச்சையாகி இலையின் வேலையைச் செய்கிறது. கள்ளி பகலெல்லாம் துளைகளை மூடி வைத்து, இரவின் குளிர்ச்சியில் திறந்து, கரியமில வாயுவை வாங்கிச் சேமித்து, மறுநாள் வெயிலில் சமைக்கிறது. செலவு குறைவு, வளர்ச்சியும் மெதுவே.

உப்பு ஜலமும் சேறும் சேர்ந்த இடத்தில் வாழ்வது இன்னும் கடினம். நம் கொசஸ்தலையாறு சென்று சேரும் எண்ணூர்க் கழிமுகத்திலும், சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்திலும் வளரும் அலையாத்தி மரங்கள், சேற்றுக்கு மேலே ஆணிகளைப் போல வேர்களை நீட்டிச் சுவாசிக்கின்றன.

பனங்கொட்டை முளைக்கும் விதமும் கவனிக்கத் தக்கது. முதலில் ஒரு குழாய் தரைக்குள் ஆழமாய் இறங்குகிறது. அதன் முனையில்தான் புதுச் செடி உண்டாகிறது. நாம் உண்ணும் பனங்கிழங்கு இவ்வாறு தரைக்குள் சேமித்த ஆகாரமே. மேலே தீப்பட்டாலும், மாடு மேய்ந்தாலும், கோடையில் தரை வெடித்தாலும், உயிர்முனை பூமிக்குள் பத்திரமாய் இருக்கிறது.

வேர்க்கடலைக்கோ பெயரே பொருத்தமில்லாதது. கடலை வேரில் காய்ப்பதில்லை. பூ தரைக்கு மேலே பூக்கிறது. கருவுற்றபின் அதிலிருந்து ஊசி போன்ற விழுது கீழ்நோக்கி வளர்ந்து, மண்ணுக்குள் நுழைந்து, அங்கே காயாகிறது. வளரும் காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைப் பெரும்பாலும் வேர் மூலமன்றித் தானே சுற்றியுள்ள மண்ணிலிருந்து பெறுகிறது. ஆகவே மேல்மண் இளக்கமாயிருக்க வேண்டும். 45-ஆம் நாள் அளவில் ஏக்கருக்குச் சுமார் 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைக்க வேண்டும். விழுது இறங்கியபின் மண்ணைக் கலைக்கலாகாது. இப்படிப்பட்ட செடிக்கு, ஜலம் தேங்காத செம்மண் சரளை பூமியே தாய்வீடு. செங்குன்றம் என்னும் பெயரே நம் பக்கத்தில் அத்தகைய மண் உண்டென்பதைச் சொல்லும்.

இடமே மாறினால்

இனிப் பெரியவரின் இரண்டாம் வார்த்தைக்கு வருகிறேன். தகப்பனார் நாளிலிருந்து கடலை விளைந்த பூமி ஏன் கைவிட்டது? நான் மறுபடி ஒரு நாள் அவருடன் சென்று பூமியைச் சுற்றி நடந்தேன். அத்துண்டின் கிழக்கே இருந்த பூமி வீட்டு மனைகளாக விற்கப்பட்டு, மண் கொட்டி இடுப்பளவு உயர்த்தப்பட்டிருந்தது. மழை ஜலம் வடிந்து ஓடிய சிறு கால்வாயும் அம்மண்ணுக்குள் மறைந்துவிட்டது. முன் மேடாயிருந்த பூமி இப்பொழுது பள்ளமாயிற்று. அடங்கலில் அது மாறவில்லை. அவர் மனத்திலும் மாறவில்லை. என் கோப்பிலும் மாறவில்லை. கடலைச் செடிக்கு மட்டுமே அது தெரிந்திருந்தது.

ஆவடியைச் சூழ்ந்த ஊர்களில் வயல்கள் மனைகளாகி வரும் இக்காலத்தில் இது ஒருவருடைய கதை மட்டுமன்று. ஒரு செடி தன் இனத்தின் அமைப்பைப் பெற எத்தனையோ ஆயிரம் தலைமுறைகள் ஆயின. ஒரு லாரி மண் ஒரு பகலில் அதன் இடத்தை மாற்றிவிடுகிறது. செடி தன் உடம்பை அவ்வளவு சீக்கிரம் மாற்றிக் கொள்ளாது. மாற்ற வேண்டியவர்கள் நாமே.

மனுப் போடுவதற்கு முன்

ஆகையால் பயிர்க் கடன் மனுவில் பயிரின் பெயரை எழுதுமுன், அங்கத்தினர்கள் கீழ்க்கண்டவற்றைச் செய்து பார்க்க வேண்டுகிறேன்.

1. சென்ற மழையில் அத்துண்டில் எத்தனை நாள் ஜலம் நின்றது என்பதை நினைவுக்குக் கொண்டு வருக. இரண்டு நாளுக்கு மேல் நின்றிருந்தால், கடலை, பயறு, காய்கறி ஆகியவற்றை மழைக்காலத்தில் அங்கே போட வேண்டாம்.

2. ஒரு முழ ஆழம் குழி வெட்டி, ஜலம் நிரப்பி, மறுநாள் காலையில் பார்க்க. ஜலம் அப்படியே நின்றால் அது நெல்லுக்கும் தக்கைப்பூண்டுக்கும் உரிய பூமி. இறங்கிவிட்டால் கடலைக்கு ஆகும்.

3. அக்கம்பக்கத்தில் புதிதாய் மேடாக்கிய மனை, அடைபட்ட கால்வாய், புதுச் சாலை ஏதாவது உண்டாவென்று பார்க்க. இருந்தால் பழைய அனுபவம் முழுவதும் செல்லாது. கால்வாய் அடைபட்டதை ஒருவராய் முறையிடுவதைக் காட்டிலும், சங்கத்தின் மூலம் பலராய்ச் சேர்ந்து முறையிடுவது நலம்.

4. பூமியில் தானாய் முளைக்கும் செடிகளைக் கவனிக்க. கோரையும் நீர்முள்ளியும் மிகுந்திருந்தால் பூமி ஜலத்தைப் பிடித்து வைப்பது. கொழிஞ்சியும் ஆவாரையும் இருந்தால் வடிந்து உலர்வது. இந்தச் சாட்சிகள் பொய் சொல்வதில்லை.

5. மேலே தழை மஞ்சளித்தால் உடனே உரக் கடைக்கு ஓடாமல், ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பார்க்க. மூச்சு முட்டிய வேருக்கு உரம் மருந்தாகாது, வடிகாலே மருந்து.

இவற்றில் காசு செலவாகும் காரியம் ஒன்றுமில்லை. ஒரு நாள் நடையும், ஒரு மண்வெட்டி வேலையுமே வேண்டும்.

மறு ஆண்டு பெரியவர் அத்துண்டில் சம்பா நெல் நட்டார். மழை முடிந்தபின், மார்கழிப் பட்டத்தில், சற்று மேடான வேறொரு காணியைக் குத்தகைக்கு எடுத்து அங்கே கடலை விதைத்தார். அந்த மனுவில் ஒப்பமிடுமுன் நான் இரண்டு பூமிகளையும் நேரில் பார்த்தேன். கடனும் பழைய பாக்கியும் ஒரே ஆண்டில் தீர்ந்துவிடவில்லை; இரண்டு போகம் சென்ற பின்னரே அவருடைய மனைவியின் சங்கிலி வீடு திரும்பிற்று. அதைப் பெற்றுக் கொள்ள வந்த அன்று அவர் என்னிடம், "அன்றைக்கு நீங்கள் காகிதத்தைப் பார்த்தீர்கள், நான் பழக்கத்தைப் பார்த்தேன். இரண்டு பேரும் மண்ணைப் பார்க்கவில்லை" என்றார். அது முதல், பூமியைப் பாராமல் எந்தப் பயிர்க் கடன் மனுவிலும் நான் ஒப்பமிடுவதில்லை.